சனிக்கிழமைகளில் ரோமாபுரி

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், என் சனிக்கிழமைகள் எல்லாம் ரோமர்களோடு கழிந்தன. என் கணவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்தார், சனியிலும் போவார். பரமட்டாவில் எங்கள் ஃபிளாட்டில் என்னைத் தனியே விட அவருக்குப் பயம். கூட்டிக்கொண்டுபோய், வளாகத்துக்குள் இருந்த பழம்பொருள் காட்சிசாலையில் விட்டுவிடுவார்.

"இதுக்குள்ளை குளிராது. நான் வருமட்டும் வெளியிலை போகாதையும்."

ரோமர் காலத்து மூக்குடைந்த சிலைத் தலைகள், எண்ணெய் விளக்குகள், எலும்பில் செய்த கொண்டை ஊசிகள். முதல் தடவை ஆசையாகப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடினாலும் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரிந்தது. சுவரோரம் ஒரு கல்லறைக் கல். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத நல்ல மனைவிக்காகக் கணவன் நட்டது என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கு முதுகு காட்டியே கதிரையில் இருப்பேன்.

ஒருநாள் காவல்காரப் பெண் வந்து, இன்றைக்கு வழக்கத்தைவிட நேரத்தோடு பூட்டுகிறோம் என்றாள். "என் கணவர் இங்கேயே இருக்கச் சொன்னார்" என்றேன் ஆங்கிலத்தில். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். என்னைவிட இளையவள். "மன்னிக்கவேணும், பூட்டத்தான் வேணும்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் சொன்ன வசனம் எனக்கே கூசியது.

முற்றத்துக் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றேன். இருட்டுகிற நேரத்தில்தான் அவர் வந்தார்.

"உள்ளுக்கை இருக்கச் சொன்னனான் எல்லே?"

"பூட்டிப்போட்டினம். இனி நான் இஞ்சை வரேல்லை."

"அப்ப வீட்டிலை தனிய என்ன செய்யப்போறீர்?"

நான் முன்னால் நடந்தேன்.

அடுத்த சனி அவர் தனியே போனார். எங்கள் கதவு இழுத்து மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்கும் திறப்பு ஒன்றுதான், அது அவரிடம். வெளியே போனால் அவர் வரும்வரை உள்ளே வரமுடியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து இழுத்து மூடினேன். அது பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

ரெயில் ஏறினேன். எங்கே இறங்குவதென்று தெரியாமல், கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். கடைத்தெருவில் நடந்தேன். ஓரிடத்தில் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். சந்தோஷம் என்று சொல்லமுடியாது. வழி தவறிவிடுமோ என்ற பயம்தான் முழுக்க. ஆனாலும் திரும்பி வரத் தெரிந்தது.

அவர் வந்தபோது நான் மாடிப்படியில் இருந்தேன்.

"எங்கை போனனீர்?"

"ரவுனுக்கு, கடைத்தெருவுக்கு. எனக்கும் ஒரு திறப்பு வெட்டித் தாங்கோ."

"பாப்பம்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்தக் குளிர்காலம் முடியும்வரை, சனிக்கிழமைகளில் வெளியே போய்வந்து, அவர் வரும்வரை அந்தப் படியிலேயே காத்திருந்தேன்.