மதாம் லியூவின் மடியில் என் கால்

“...அப்ப கண் எரிவு இனி இல்லை, என்ன?” என்று கேட்டுவிட்டு மதாம் லியூ கண்ணைச் சிமிட்டினார். நான் அவரிடம் போவது காலில் நரம்பு புடைத்ததற்கு. கண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்ப்பேன். ஆனாலும் மூன்று மாதமாக எனக்குக் கண்ணுக்கும் சேர்த்துத்தான் சீன வைத்தியம் நடந்தது. தப்பு என்னுடையதுதான். எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, டெப்பனர் என்கிற மூலைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை. முதல் நாள் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். ஊரில் எங்கள் பரியாரியாரும் இப்படித்தான் விரல் வைப்பார் என்பதால் எனக்குப் பாதிப் பயம் அப்போதே போய்விட்டது. ஆனால் அன்று அவர் அக்குபங்சர் ஊசியைத் தொடவே இல்லை. டொக்டர் ஸ்கேன் எடுத்தாரா, இறுக்கமான காலுறை தந்தாரா என்று கேட்டார். ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறது, காலுறை வீட்டு அலுமாரி லாச்சிக்குள் இருக்கிறது என்றேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: “முதலாவது டொக்டர். ரெண்டாவது காலுறை. நான் மூண்டாவது. முதல் ரெண்டையும் முடிச்சுக்கொண்டு வாங்கோ.” ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக நொந்தால் தன்னிடம் வரவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்பிய வைத்தியரை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் முடிந்து, காலுறையும் போட்டுக்கொண்டு போனேன். புடைத்த நரம்பில் அவர் ஒருநாளும் குத்தியதில்லை. அதை விட்டு விலகித்தான் ஊசி ஏற்றுவார். பிறகு காய்ந்த இலையைச் சுருட்டிய திரியைப் பற்றவைத்துத் தோலில் படாமல் சூடு காட்டுவார். நரம்பு மறையாது, பின்னேரப் பாரம்தான் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்குக் குறைந்தது. கெண்டைக்கால் பிரட்டி இழுப்பதும் அடங்கியது. காலுறையாலோ ஊசியாலோ தெரியாது, இரண்டையும் நான் விடவில்லை.

சிக்கல் ஒன்றுதான். அவர் சின்ன ஸ்டூலில் இருந்துகொண்டு, மடியில் தலகாணி வைத்து, என் குதிக்காலைத் தூக்கி அதில் வைப்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த மனிசி. என் கால் அவரில் பட்டதும் கை தன்பாட்டில் அவருடைய முழங்காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். தும்மல் மாதிரி, யோசித்து வருவதில்லை. எனக்குக் கண் எரிகிறதா என்று அவர் கேட்டார். நான் பிரெஞ்சில் “வீ”, ஓம், என்றேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் விளங்காத கேள்விக்கெல்லாம் நான் கொடுக்கும் மறுமொழி அதுதான். அன்றிலிருந்து காய்ந்த செவ்வந்திப் பூப் போட்ட தேநீர், புருவ நடுவில் ஒரு ஊசி. கால் நோயின் வேர் நெற்றியில் இருக்கிறதாக்கும் என்று நானும் பேசாமல் படுத்திருந்தேன்.

நான் கோட் தைக்கும் தொழிற்சாலையில் அயன் பண்ணுகிறவள். பத்தொன்பது வருடம், சீமெந்துத் தரையில், நின்றபடி. என் கையால் போன கோட்டில் கொலர் கோணியது என்று ஒன்றும் திரும்பி வந்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மேற்பார்வைக்காரி என் கோட்டைத்தான் தூக்கிக் காட்டுவாள். எனக்கு உயரமான ஸ்டூல் வேண்டும், மணிக்கொரு தடவை நடக்க விடவேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்த கடிதம் இரண்டு மாதமாக என் கைப்பைக்குள் கிடந்தது. கொடுத்தால், இவளுக்கு இனி ஏலாது என்று என்னுடைய ஜன்னலோர அயன் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்து என்னைப் பெட்டி கட்ட அனுப்பிவிடுவார்கள் என்று பயம். “கால் போனாலும் உமக்கு மேசை போகக்கூடாது,” என்று என் கணவர் சமையலறையில் நின்று நக்கலடிப்பார். பகிடிதான், ஆனால் உண்மை.

போன மாதம் மதாம் லியூ என் கோப்பைத் திறந்து காட்டினார். நான் போன ஒவ்வொரு நாளுக்கும் நேரே குட்டியாக ஒரு கண் வரைந்திருந்தது. இவ்வளவு தேநீர் குடித்தும் ஏன் வந்தவுடன் கண்ணைத் தொடுகிறீர்கள் என்று கவலையாகக் கேட்டார். எனக்கு வந்த சிரிப்பில் காலில் இருந்த ஊசியெல்லாம் ஆடியது. அவருடையதும் என்னுடையதும் இரவல் பிரெஞ்சு. கால் படுவது மரியாதையில்லை, மன்னிப்பைக் கையால் கேட்கிறேன் என்று தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. என் காலில் ஆடிய ஊசிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

“என்னட்டை மன்னிப்புக் கேக்கிறீங்கள். பத்தொன்பது வருசம் உங்களைச் சுமந்த இந்தக் காலிட்டை என்ன கேட்டீங்கள்?”

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் கைப்பையைத் திறந்து டொக்டரின் கடிதத்தை எடுத்தேன். மூலை பிய்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை கடிதத்தை மேற்பார்வைக்காரியின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு எழும்பிப் போனாள். அயன் பெட்டியைப் பிடித்தபடி, இதுதான் இந்த மேசையில் என் கடைசிக் கோட் என்று நினைத்து நின்றேன். அவள் துணி வெட்டும் பகுதியிலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம், என்னுடைய அதே மேசையடியில் போட்டாள். மூலை பிய்யும் வரைக்கும் ஏன் இதை வைத்துக்கொண்டிருந்தாய் என்று மட்டும் கேட்டாள். இப்போது பாதிக் கோட் ஸ்டூலில் இருந்தபடி, பாதிக் கோட் நின்றபடி. கொலர் இன்னும் கோணவில்லை. பாரிஸிலும் லண்டனிலும் நாள் முழுக்க நின்று உழைக்கிறவர்களே, உங்கள் பைக்குள்ளும் ஒரு கடிதம் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள்.

ஸ்டூல் வந்த கதையை இன்று சொன்னபோதுதான் மதாம் லியூ கண் எரிவைப் பற்றிப் பகிடியாகக் கேட்டுக் கண் சிமிட்டினார். எரிவு இல்லை, ஆனால் தேநீரை நிறுத்த வேண்டாம், பழகிவிட்டேன் என்றேன். காலுறையைக் கழற்றித் தலகாணியில் காலை வைத்தேன். கணுக்காலில், ஊரில் சைக்கிள் செயின் வெட்டிய பழைய தழும்பும் இங்கத்தைச் சீமெந்துத் தரை தந்த நீல நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பழக்க தோசம், என் கை அவருடைய முழங்காலுக்குப் போனது. மதாம் லியூ அதைப் பாதி வழியில் பிடித்தார். கீழே கொண்டுபோய் என் கணுக்காலில், தழும்பும் நரம்பும் சேர்ந்து படும்படி வைத்து அழுத்தினார். பிறகு அந்தக் கையைத் தூக்கி, ஒரு கண்ணும் விடாமல், என் இரண்டு கண்ணிலும் ஒற்றினார்.