பூனை உடைக்காத ஜாடி

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜாடி இருக்கிறது. தேன் நிறம். கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். மூடியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கும். அதில் எதையும் போட்டு வைப்பதில்லை. என் வீட்டுக்காரி ஒரு தடவை கல் உப்பு போட்டாள், மறுநாளே கொட்டிவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை, நோன்புக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது, அதை இறக்கித் துடைத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். எதற்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அது என் மச்சியின் ஜாடி. அண்ணனைக் காக்கா என்றும், அவர் மனைவியை மச்சி என்றும் எங்கள் வீட்டில் சொல்வோம். காக்கா சயாமில், அதாவது தாய்லாந்தில், ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அந்த நாட்டின் தென்கோடியில், கடலோர ஊர் ஒன்றில், நம் மார்க்கத்துப் பெண்ணையே பார்த்து நிக்காஹ் செய்துகொண்டார். அறுபதுகளின் நடுவில் பினாங்கு வழியாகக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, சிதம்பரத்தில் எங்கள் உம்மாவிடம் மச்சியை விட்டுவிட்டு, வேலை போய்விடும் என்று இரண்டே மாதத்தில் திரும்பிப் போனார். மச்சிக்கு அப்போது மூன்று மாதம். தமிழ் இருபது வார்த்தை தெரியும். ஆனால் தொழுகையில் நின்று ஓதும்போது மட்டும் அச்சு அசல் எங்களைப் போலவே ஓதுவார். அதைக் கேட்டு உம்மா கண் கலங்கினது எனக்கு நினைவிருக்கிறது.

ஜாடிக்குள் இருந்ததற்குக் கபி என்று பெயர். பொடி இறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் வைத்து, மறுபடி இடித்து, மாதக்கணக்கில் மூடி வைப்பார்களாம். ஊதாவும் கறுப்பும் கலந்த சேறு மாதிரி இருக்கும். புளியங்கொட்டை அளவு கிள்ளி, வாழையிலையில் மடித்து, தணலில் சுடுவார். பிறகு பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து இடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சோற்றில் பிசைந்துகொள்வார். அந்த இலை சுடுபடும் நேரம் இருக்கிறதே, வாடை தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மசக்கையில் வேறு எதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. எங்கள் பிரியாணிக்கு ஓங்கரிப்பார். அந்தச் சேற்றை வைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார்.

கிழக்குப் பக்கத்து வீட்டில் சுத்த சைவமான ஒரு வாத்தியார் குடும்பம். அவர்கள்தான் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தோம். வாத்தியார் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தது மேற்குப் பக்கத்து மாமா. கடலூர் துறைமுகத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து வியாபாரம் செய்கிறவர். வீடு முழுக்கக் கருவாட்டு மூட்டை. அவர் வாசலில் நின்று, "என்னா மாப்ள, ஊட்ல எலி கிலி செத்துக் கெடக்குதா? மூக்கப் பொத்திக்கினு எத்தினி நாளு படுக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் தையல்காரன். மார்க்கத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தில் கேட்டதுதான். பச்சை வெங்காயம், பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வராதீர்கள், மனிதருக்கு நோவது மலக்குகள் என்கிற வானவர்களுக்கும் நோவும் என்று ஹஜ்ரத் சொன்னது என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் நபிபுகழ் மௌலூது ஓத ஏற்பாடு. பூண்டுக்கே விலகிப்போகிற மலக்குகள் இந்த ஜாடி இருக்கிற வீட்டில் எப்படிக் கால் வைப்பார்கள்? உம்மா, "புள்ளத்தாச்சிப் பொண்ணுடா, அன்னிக்கு ஒரு நாளு ஜாடியக் கொல்லையில வெச்சிக்கலாம்" என்றுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. மௌலூது அன்று விடியற்காலை, மச்சி குளிக்கப் போயிருந்தபோது, ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் கவிழ்த்தேன். ஜாடியை மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, தையல் கடையில் வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்தேன். வீட்டில் கேட்டபோது, "பூனை தள்ளி உடைச்சிடுச்சு, சில்ல வாரிக் கொட்டிட்டேன்" என்றேன். அல்லாஹ்வுக்காகச் செய்த காரியத்துக்கு அன்றைக்கே ஒரு பொய் வேண்டியிருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மச்சி ஜாடி இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மௌலூது நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாள் மேற்கு வீட்டு மாமா மறுபடி வந்தார். "இன்னிக்கு வாடை ரொம்ப ஜாஸ்தி மாப்ள" என்றார். ஜாடிதான் இல்லையே! அவருடைய மூட்டை ஒன்று மழையில் நனைந்து புழுத்துப் போயிருந்தது என்று மாலையில்தான் தெரிந்தது. அதற்கு அவர், "இது நம்ம வாடைப்பா, இது வேற" என்று சொல்லிவிட்டுப் போனார். எது வேறு, எது நம்முடையது என்று மறுநாள் பூரா மெஷினை மிதித்துக்கொண்டே யோசித்தேன். பிடிபடவில்லை.

மச்சி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கோபத்தில் இல்லை, இறங்கவில்லை. உம்மா கருவாடு சுட்டுக் கொடுத்தார். வாத்தியார் வீட்டு அம்மா புளிச்சோறு செய்து சுவருக்கு மேலே நீட்டி, "அந்தப் பொண்ணு ரெண்டு வாயாவது துன்னுச்சா?" என்று தினமும் கேட்டார். எல்லாம் வெளியே வந்தது. பத்து நாளில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உம்மாவிடம், "இப்பிடியே போனா புள்ள தங்காது, சொல்லிட்டேன்" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலோரத்துக் கிள்ளைக்குப் போனேன். அங்கே சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. ஒரு கூடை வாங்கி வந்து மச்சி முன்னால் வைத்தேன். அவர் விரலால் கிளறிப் பார்த்தார், முகர்ந்தார், முகம் மலர்ந்தது. உப்பு எவ்வளவு என்று கையால் காட்டினார். "நாந்தான் இடிப்பேன்" என்று உலக்கையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் மாடியில் காய்ந்தது, மறுபடி இடித்தேன். போட்டு வைக்க ஜாடி வேண்டுமே. உம்மா தன் ஊறுகாய் ஜாடியைத் தரமாட்டேன் என்று கட்டிக்கொண்டார். நான் கடைக்கு ஓடி, துணி மூட்டைக்குள் கையை விட்டு, அந்த ஜாடியை எடுத்து வந்து மச்சியிடம் நீட்டினேன். மறந்துபோய் எடுத்து வந்தேனா, மாட்டிக்கொள்ள வேண்டும் என்றே எடுத்து வந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியாது.

மச்சி வாங்கிப் பார்த்தார். பச்சை வளையத்தைத் தடவினார். சில்லு பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பூனை... நல்லாக் கழுவுது."

அவ்வளவுதான். உம்மாவிடம் சொல்லவில்லை. காக்காவுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லவில்லை. பக்குவம் ஆகும்வரை பொறுக்காமல், பச்சையாகவே எடுத்து இலையில் சுட்டார். சோறு உள்ளே போனது, தங்கியது. அந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு சீயக்காய் போட்டும் என் கை வாடை போகவில்லை. ஜும்ஆவில் கடைசி வரிசையில் போய் நின்றேன். பக்கத்தில் நின்றவர் லேசாகத் தள்ளி நின்றார். அப்போது எனக்கு ஒரே குழப்பம். மலக்குகளும் தள்ளி நிற்கிறார்களா, இல்லை ஜாடியைக் கவிழ்த்த அன்றே என்னை விட்டுப் போய்விட்டார்களா? ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்று போய், கேட்காமலே திரும்பினேன்.

பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம் காக்கா வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். போகும்போது மச்சி ஜாடியைக் கழுவி என் கையில் கொடுத்தார். ரொம்ப வருஷம் கழித்து நான் ஹஜ்ஜுக்குக் கிளம்பியபோது, வழக்கப்படி தெருவெல்லாம் போய், பிழை பொறுக்கச் சொல்லி மாப்புக் கேட்டேன். மேற்கு வீட்டு மாமாவிடமும் கேட்டேன். மச்சிக்குக் கடிதம் எழுதினேன். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேனே ஒழிய, பூனை என்ற வார்த்தையை எழுதப் பேனா ஓடவில்லை. பதில் வருமுன் புறப்பட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது மச்சி மவுத்தாகி அடக்கமும் முடிந்துவிட்ட செய்தி காத்திருந்தது. கேட்காமலே கொடுத்த மாப்பு செல்லுமா? அன்று அவர் சொன்ன அந்த மூன்று வார்த்தை மாப்புதானா, கேலியா? யாரிடம் கேட்பது?

இந்த வருஷமும் வெள்ளையடிப்புக்கு ஜாடியை இறக்கினேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. மூக்கை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதுவும் போய்விட்டதா? ஒரு காலத்தில் போய்த் தொலையாதா என்று நான் துடித்த வாடை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஜாடியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யா அல்லா! இன்னும் நாறுதுங்க. எதுக்கு என் மூஞ்சில காட்டுறீங்க?" என்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. மூடியைப் போட்டு, ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.