மதகடி மரத்தில் மஞ்சள் துணி

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த காலத்தில் ஒருவன் சும்மா ஓடினால் ஊர் நம்பாது. யார் துரத்துகிறார்கள், எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறாய், இரண்டில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் வழிவிடுவார்கள். நான் இரண்டுக்கும் ஒரு சிரிப்பைப் பதிலாகக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டே இருப்பேன். பாசன இலாகாவில் வாய்க்கால் அளக்கிற வேலை எனக்கு. பகலெல்லாம் சங்கிலியும் கோலுமாகக் கரைகளில் நடப்பேன். வெயிலில் கடுகடுவென்றிருந்த அதே கரை விடிகாலையில் ஓடிப் பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துக் கோயில்களைத் தாண்டினால் தென்னந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் வாய்க்கால் கரை ஏறிவிடலாம். இடது பக்கம் மலாய்க்காரர்களின் வயல், வலது பக்கம் அசையாத தண்ணீர். கொக்குகள் பறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நம்மைப் பொருட்படுத்தாமல் நிற்கும். கரை போய்ச் சேருகிற இடம் ஒரு பழைய மதகு. அதன் தலைமேல் கிளை விரித்த ஆலமரம். அங்கிருந்து செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்து, காட்டோரமாக ஓடி, நீர்த்தேக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே மதகுக்கு வந்து வீடு திரும்பலாம். உலகத்தில் எத்தனையோ நல்ல பாதைகள் இருக்கலாம். எனக்கு இது போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அவசரகாலச் சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் எங்கள் பகுதியை வெள்ளைப் பகுதி, அதாவது கம்யூனிஸ்டுகள் இல்லாத இடம், என்று அறிவித்து ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். அதுவரை ஒரு பிடி சோற்றை மடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனால்கூடக் கேள்வி. கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறாயா என்பார்கள். அதெல்லாம் போய், ஒருவன் வெறுங்கையை வீசிக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓடலாம் என்றானபோது எனக்குச் சுதந்திரம் முன்கூட்டியே வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

கல்யாணமான சில மாதத்தில் என் மனைவி, “நானும் வரேங்க” என்றாள்.

அவள் புக்கிட் காதில் என்கிற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். சிறு வயதிலேயே அவள் அம்மாவோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய், பால் காய்வதற்குள் மரத்துக்கு மரம் ஓடிப் பழகிய கால்கள். அது எனக்குத் தெரியாது. பாவம், கொஞ்ச தூரம் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். மதகுக்கு அவள் போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, தலை முடிந்து, எனக்காகக் காத்திருந்தாள். நான் மூச்சு வாங்கியபடி, வேண்டுமென்றே மெதுவாக வந்ததாகச் சொன்னேன். அவள் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். நல்ல பெண்.

அன்று திரும்பி வரும்போதுதான் சேலை கிழிந்தது. தலைப்பொங்கலுக்கு என் அம்மா எடுத்துக் கொடுத்த சேலை. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. தோட்டத்தோரம் கழற்றாமல் விட்டிருந்த முள்கம்பியில் மாட்டி, முழங்காலிலிருந்து கீழே வரை போய்விட்டது. அம்மாவின் கண்ணில் படாமல் அதைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தாள். மறுநாளிலிருந்து, தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்ட சிலுவார் என்கிற கால்சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக, கேன்வாஸ் சப்பாத்தோடு ஓடினாள்.

அம்மாவுக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்? ரொட்டிக்காரர் வந்து, “உங்க மருமக நல்லா ஓடுதும்மா” என்று பாராட்டிவிட்டுப் போனார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா, வீட்டுக்கு வந்த பொண்ணை சிலுவார மாட்டிவிட்டு ரோட்டுல ஓடவிட்டிருக்கியே, உனக்கு மூளை கீளை இருக்கா? பாசார்ல நான் எப்படித் தலை நிமிந்து நடக்கிறது?”

நான் ஏதோ உடம்புக்கு நல்லது, இரத்த ஓட்டம் என்று உளறினேன். “வீட்டைப் பெருக்கினா ஓடாதா ரத்தம்?” என்றாள்.

அந்த வருடம் சுதந்திரத்தை ஒட்டி ஊரில் என்னென்னவோ விழா. எங்கள் வட்டாரச் சங்கம் ஓர் ஓட்டப் போட்டி வைப்பதென்று முடிவு செய்தது. பாதை போட்டுத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்னோடு சேர்ந்து ஓடுகிற செட்டி நண்பன்தான் ஏற்பாட்டுக்கு முன்னால் நின்றான். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான், ஆனால் தமிழில் பத்து வார்த்தைக்கு மேல் வராது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட குடும்பம், எல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான். பெண்கள் ஓடலாமா என்று கேட்டேன். யாரும் அதைப்பற்றி நினைக்கவே இல்லை, அதனால் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. “பியார்லா. டியா புன் அடா காக்கி” என்றான். விடப்பா, அவளுக்கும் கால் இருக்கிறதே என்று அர்த்தம்.

அதைக் கேட்டு என் மனைவி நேரே என் அம்மாவின் முன்னால் போய் நின்றாள். என்னிடம் சொல்லவே இல்லை.

“அத்தை, இந்த ஒரு ஓட்டம் ஓடிக்கிறேன்.”

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மெதுவாக மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள். “சரி, ஓடு. முதல் மூணு பேர்ல வந்தியன்னா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். வரலன்னா இந்தக் கூத்து அன்னியோட சரி. சப்பாத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுடணும்.”

“சரிங்க அத்தை” என்றாள் இவள். ஆண்கள் அத்தனை பேர் ஓடுகிற இடத்தில் முதல் மூன்று என்றால் விளையாட்டா? தவிர, ஓடி முடித்து வரும்போது அவள் முகத்தில் ஒரு களை இருக்கும். அது இல்லாத முகத்தை நான் இனிமேல் தினமும் பார்க்கவேண்டும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பாதைக்கு அடையாளம் வைக்கவேண்டும். ரப்பர் மரத்தில் சாயம் பூசினால் தோட்டத்துத் துரை விடமாட்டார். துணி கட்டலாம். சிவப்புத் துணி தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் அந்தக் காலத்தில் காட்டுக்குள் சிவப்புத் துணி கட்டினால் போலீஸ் வந்து நம்மையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விடும். வெள்ளை கட்டினால் சாவு வீட்டு வழியா என்று கேட்பார்கள். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்தாள். கிழிந்தது கிழிந்ததுதானே என்று பாதியைத் துண்டு துண்டாகக் கிழித்தோம். மீதிப் பாதி பெட்டிக்கே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாதை முழுக்கக் கட்டிக்கொண்டே போனோம். மதகடி ஆலமரம் திருப்பம் என்பதால், அதற்கு மட்டும் கரையோடு சேர்ந்த பெரிய துண்டு. அதை அவளே கட்டினாள். முடிச்சுப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஆலமரத்தில் மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று தமிழனாய்ப் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. மறுவாரம் மரத்தடியில் ஒரு கல் நின்றது. அதற்கு அடுத்த வாரம் கல்லுக்குக் குங்குமம். பிறகு எலுமிச்சம்பழம், அகல், ஒரு சின்னச் சூலம். சீனர் யாரோ ஊதுபத்திக் கட்டோடு வந்து ஒரு ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போயிருந்தார். வயல்காரப் பெரியவர் அந்த இடம் கெராமாட், புண்ணிய இடம், அவருடைய தாத்தா காலத்திலேயே சக்தி உண்டு என்று எனக்கே சொன்னார். நாட்டின் ஒற்றுமைக்காகத் தலைவர்கள் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே அரை கஜத் துணி அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அம்மா பாசாரிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

“கேட்டியாடா, செங் போற பக்கம் மதகுகிட்ட அம்மன் தானா மஞ்சத்துணி கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்காளாம்!”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் சேலை வெளிவரும். சேலை வந்தால் கிழிசல் வரும். கிழிசல் வந்தால் ஓட்டம் நிற்கும். பேசாமல் ஆமாம் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே அம்மா பக்கத்து வீட்டு அம்மாளோடு பஸ் ஏறிப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து எல்லா வெள்ளியும். நடுவில் ஒரு நாள், “அந்த மஞ்சச் சேலையை நீ கட்டவே மாட்டேங்கிறியேம்மா?” என்று மருமகளைக் கேட்டாள். “நல்ல நாளுக்கு வெச்சிருக்கேன் அத்தை” என்றாள் அவள். எனக்குப் புரையேறியது.

போட்டியன்று என்னை மதகில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஓடுகிறவர்கள் தப்பான கரையில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்ப் பார்த்தால் அம்மா எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். ஒரு அண்டாப் பானகம், ஒரு தட்டில் திருநீறு. ஓடுகிற பிள்ளைகளுக்கு அம்மன் காவல் இருக்கட்டும் என்றாள். அன்று வெயில் வரவில்லை. மழை விட்ட காற்று வயல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிட்டு முதலில் ஒரு மலாய் வாலிபன் வந்தான். அம்மா நீட்டிய பானகத்தை ஓடியபடியே வாங்கிக் குடித்து, கிண்ணத்தை என்னிடம் எறிந்துவிட்டுப் பறந்தான். இரண்டாவது, கண்ணாடி போட்ட சீன வாத்தியார். அவர் மரத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்துக் காட்டோரத்திலிருந்து வெளிப்பட்டது என் மனைவி. மூன்றாவது! அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் என் செட்டி நண்பன், அவனுக்குப் பின்னால் ஒரு கும்பல். அவள் காலில் தளர்ச்சியே இல்லை. அங்கிருந்து முடிவு வரை கரையோரமாக நேர்ப்பாதை, அவளை யாரும் பிடிக்க முடியாது. சந்தோஷத்தில் நான் கத்தினேன். “போ, போ, நிக்காதே!”

அவள் நின்றாள்.

நின்று, குனிந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். நான்தான் அன்று காலையில் அவிழக்கூடாதென்று இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டிருந்தேன். ஒன்றை அவிழ்த்து, இன்னொன்றை அவிழ்த்து, வெறுங்காலோடு மரத்தடிக்குப் போய்க் கும்பிட்டு, அம்மாவின் முன் நெற்றியைக் காட்டினாள். அம்மா நிதானமாகத் திருநீறு இட்டாள். நண்பனும் வந்து சப்பாத்தைக் கழற்றி, மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். அதற்குள் பின்னால் வந்த கும்பலில் பாதி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மறுபடி சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு ஓடினாள். ஏழாவதாக வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழுவி, காயவைத்து, பேப்பரில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். வாக்குக் கொடுத்தவள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எதுக்கு நின்னே? அது உன் சேலைத் துணின்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுங்க.”

“அப்புறம்?”

“அத்தை கையில திருநீறு வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எப்படித் தாண்டி ஓடுறது?” கொஞ்சம் பொறுத்து, “அதைக் கட்டறப்பவே நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்” என்றாள். என்னவென்று கேட்டேன். “எப்பவும் ஓடணும்னு.”

அதன்பிறகு நான் தனியாக ஓடினேன். கொக்கு, வயல், தண்ணீர் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. மதகுக்குப் போனால் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. நீர்த்தேக்கத்தைச் சுற்றாமலே திரும்பிவிடுவேன். வீட்டில் அவள் முகத்தைச் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை சாயந்திரம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலி என்று அதற்கு முன்னும் அவள் சொல்லிக் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“தம்பி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. என்னால பஸ் ஏறி இறங்க முடியாது. விடிய அவளைப் போய் விளக்கேத்திட்டு வரச் சொல்லு.”

“அவ்வளவு தூரம் நடந்தா போறது?”

“நடந்து போனா எப்ப வந்து சோறாக்கிறது? ஓடிப் போயிட்டு வரட்டும். இனிமே வெள்ளிக்கு வெள்ளி அவதான் போகணும். பழக்கம் விட்டுப்போகாம மத்த நாள்லயும் ஓடிக்கட்டும்.”

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. அவள் கதவோரம் வந்து நின்றாள். அம்மா பக்கத்திலிருந்த எண்ணெய்ச் சீசாவை எடுத்து வைத்தாள், தீப்பெட்டியை எடுத்து வைத்தாள், பேப்பர் சுற்றிய சப்பாத்தை எடுத்து வைத்தாள். முட்டி வலியோடு எப்போது பரண் ஏறினாளோ தெரியாது. கடைசியில் மடியிலிருந்து அந்த மஞ்சள் சேலையின் மிச்சப் பாதியை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

“அங்க கட்டினது மழையில நைஞ்சு போச்சு. இதுல கிழிச்சுக் கட்டு. அரக்குக் கரை இருக்கிற பக்கமா கிழிம்மா. அதைப் பாத்துத்தான் மொத நாளே நான் கண்டுபிடிச்சேன்.”