கோல்கீப்பரைத் தேடிப் போன வருஷம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். எங்கள் கால்பந்து அணியில் ஓடுவதற்கு ஆள் இருந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் லீக் ஆட்டங்களோடு திரும்பி வந்தோம். இந்த முறையும் நாக் அவுட்டுக்குள் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடலாம் என்று முதல்வர் பேச ஆரம்பித்திருந்தார்.

பனியன் கம்பெனிகளுக்குள் நடந்த ஒரு போட்டியில்தான் அவனைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தான். உயரப் பந்துகளைக் கொடியிலிருந்து துணி எடுப்பதுபோல அலட்டாமல் எடுத்தான். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஆசிரியரும் அங்கே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன்.

"நேத்தே கோயம்புத்தூர் சார் வந்துட்டுப் போயிட்டாவ. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசமாம்" என்றார் அவன் அம்மா.

"நம்ம காலேஜுன்னா ஊட்டுல இருந்தே வந்துக்கலாமுங்க. சாயங்காலம் கம்பெனிக்கும் போயிக்கலாமுங்க."

"விரலு ஒடிஞ்சா மெஷின்ல யாரு உக்காருவா?"

"நான் பாத்துக்கறனுங்க" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கல்லூரியில் சேர்ந்தான். ஆட்டங்களில் எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் அவன் கைகளைப் பார்த்தேன். கடைசி லீக் ஆட்டம் அதே கோயம்புத்தூர்க் கல்லூரியோடு. டிரா செய்தாலே நாக் அவுட். ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரனின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தவன் எழுந்தபோது, நடுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ஒண்ணுமில்ல சார், நான் நிக்கேன்."

"வெளிய வா கண்ணு."

"கொஞ்ச நேரந்தான் சார்!"

"வான்னா வா."

மாற்று கோல்கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். ஃப்ரீ கிக் ஒன்று அவன் கைக்கடியில் நழுவி உள்ளே போனது. தோற்றோம்.

விரல் திரும்பியவனை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எலும்பு முறியவில்லை, மூட்டுதான் விலகியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் அவன் அம்மா கட்டுப்போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"டிரா போதும்னு இருக்கையில இவன எதுக்கு சார் வெளிய எடுத்திய?" என்று சத்தம் போட்டார்.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டனுப்பினார். அணி போயிற்று என்றே நினைத்து உள்ளே நுழைந்தேன்.

"ஏனுங்க, கோயம்புத்தூர்க்காரங்க நம்ம கோல்கீப்பரை மறுபடியும் கூப்புடறாங்களாமா? உட்டுப்போடாதீங்க" என்றார்.

அன்று சாயங்காலமே மறுபடி அவன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவன் கோயம்புத்தூருக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் நாக் அவுட்டில் ஒரு ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் பெனால்டியில் போயிற்று.