நான் திருத்தாத பதில்

திரேஸ்புரத்தில் என் அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். நான் ஒரு சின்ன விமான நிலையத்தின் கோபுரத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறேன். "ஏலே, நீ சொன்னாத்தான் பிளேனு எறங்குமாமே?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் அடக்கமாகச் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பெருமை பொங்கும். ஒரு நாளைக்கு நாலைந்து விமானம் வருகிற இடத்தில் இவ்வளவு பெருமை ஆகாதுதான்.

வேலையில் ஒரு விதி உண்டு. நான் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த நொடியே நான் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் அவர் சொன்னதற்கு நான் சம்மதித்ததாக ஆகிவிடும்.

இன்னொரு தலைவலி மயில்கள். ஓடுபாதையைச் சுற்றி உடைமரக்காடு. விமானம் வருவதற்கு முன்னால் ஒரு ஜீப் பாதை முழுக்க ஓடி மயில்களை விரட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஜீப்பை ஓட்டியவர் ஏரல்காரர், ஒப்பந்தத் தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு அண்ணாச்சி. அவரோடு பேசத் தனியாக ஒரு வாக்கிடாக்கி இருந்தது. விமானியிடம் பேசுவது ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். அண்ணாச்சியிடம் பேசுவது தமிழ். அது பதிவும் ஆகாது, விமானிக்குக் கேட்கவும் செய்யாது.

அன்று மத்தியானம் மேல்காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. விமானம் கடல் பக்கமிருந்து உப்பளங்களுக்கு மேலாக இறங்கி வந்தது. ஓட்டியவர் ஒரு பெண் விமானி. நாலு மைல் தூரத்தில் இருப்பதாகச் சொன்னார். ஜீப் இன்னும் பாதையில் இருந்ததால், "கன்டினியூ அப்ரோச்" என்றேன். நெருங்கி வா என்பதோடு சரி, இறங்கலாம் என்று அர்த்தமில்லை. பாதையில் வண்டி நிற்கிறது என்பதையும் நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் களைத்திருந்தாரோ, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாரோ, "கிளியர்ட் டு லேண்ட்" என்று பதில் சொன்னார். இறங்க அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

தெளிவாகக் கேட்டேன். தப்பு என்றும் அப்போதே தெரிந்தது. அரை நிமிடத்தில் நான் சொல்லப்போவதைத்தானே சொல்கிறார், ஜீப் வெளியே வந்ததும் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கடலுக்குப் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள் எங்கள் வீட்டில், அந்தப் பழக்கம்தான் என் வாயைக் கட்டியது என்று பிற்பாடு எனக்கு நானே கதை விட்டுப் பார்த்தேன். சுத்தப் பொய். சோம்பல்தான்.

அதே நேரம் வாக்கிடாக்கி கரகரத்தது. "சார், வெளிய வந்துட்டேன். ஆனா ஒரு பொட்டை மயிலு குஞ்சோட நடுப்பாதையில நிக்கி. தட்டி விட்டுட்டு வந்துரட்டா?"

"போங்க அண்ணாச்சி. சட்டுனு வந்துருங்க" என்றேன்.

பைனாகுலரில் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் நகர்ந்தது, குஞ்சுகள் நகரவில்லை. அண்ணாச்சி இறங்கித் துண்டை வீசினார். சத்தம் கேட்டுத் திரும்பினால் விமானம் பாதையின் தலைமாட்டுக்கே தாழ்ந்து வந்துவிட்டது. நான் மைக்கை அமுக்குவதற்குள் அந்தப் பெண்ணே ஜீப்பைப் பார்த்துவிட்டு, இறங்காமல் மேலே ஏற்றிவிட்டார். அண்ணாச்சி தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். கடலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து விமானம் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் விசாரணை. அந்தப் பெண்ணின் தப்பான பதிலும் அதற்குப் பிறகான என் மௌனமும் பதிவில் இருந்தன. அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் வேண்டும். 'ஜீப் என் அனுமதியில்லாமல் பாதைக்குள் திரும்பியது. அந்தப் பதற்றத்தில் விமானியின் பதிலைக் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். வாய் கூசவில்லை, கையும் கூசவில்லை. வீட்டில் அப்போது பிள்ளைக்கு ஆறு மாதம். அதையும் ஒரு நியாயமாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைச் சில வாரம் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். என்னையும்தான். அண்ணாச்சியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பயிற்சி முடிந்து வந்தபோது ஜீப்பில் வேறு ஆள் இருந்தார். அண்ணாச்சியின் நம்பர் என் போனில் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

நாலு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போனேன். ஐஸ் வேனிலிருந்து கட்டிகளைத் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. ஒளிந்துகொள்ள இடமில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சௌக்கியமா சார்? பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் கொட்டிவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்கள உள்ள போகச் சொன்னது நான்தான். சொல்லவே இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"தெரியும் சார். தப்பு என்னோடதுன்னு கையெழுத்து வாங்கும்போது நீங்க எழுதினத எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினாவ."

"அப்ப ஏன் அண்ணாச்சி நீங்க மறுத்துச் சொல்லல?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் சொன்னா யாரு சார் நம்புவா?" என்றார். "நீங்களே வந்து மாத்திச் சொல்லிருவியன்னு நெனச்சேன். ரெண்டு நாளு கையெழுத்துப் போடாமத்தான் இருந்தேன்."