பொட்டு இல்லாத ஐஸ் பெட்டி

துரைசாமி சார் யாரையும் நம்பமாட்டார். நான் தேநீர் வாங்கி வைத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மின்னல் தாக்கி ரேடியோ போய்விட்டது, விசிறி கருகிவிட்டது என்று இன்சூரன்ஸ் பணம் கேட்பவர்களின் வீட்டுக்குப் போய், அது உண்மையா புளுகா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. சிங்கப்பூர் ராபிள்ஸ் பிளேஸ் ஆபீசில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அறிக்கையை டைப் அடிப்பது என் வேலை.

தமிழ் வீடுகளுக்கென்று அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு நம்மவர்கள் தையல் மெஷின் முதல் இஸ்திரிப் பெட்டி வரை சந்தனப் பொட்டு வைப்பார்களே, அதைத் தேடுவார். எப்படித் துடைத்தாலும் இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் நிற்கும். பூசைக்கு முன்பே வாங்கியதாகச் சொல்லும் சாமானில் அது இல்லையென்றால், பழுதானதை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "கேட்டா அடுத்த வீட்டுக்காரன் உஷாராயிடுவான்மா" என்பார். எனக்கு அந்த மனுஷரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

1961 நவம்பரில் பஃபலோ ரோட்டுப் பூக்காரி பூவம்மாவின் மனு வந்தது. ஜூன் மாதம் புதிதாக வாங்கிய ஐஸ் பெட்டியின் மோட்டார் மின்னலில் எரிந்துவிட்டதாம். விற்காத மல்லிகையை மறுநாள் வரை வாடாமல் வைக்கத்தான் அதை வாங்கியிருந்தாள். அது போனதிலிருந்து தினமும் பாதிப் பூ குப்பைக்குப் போனது. இன்சூரன்ஸ் கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

சார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

"விசிறியில பொட்டு இருக்கு. தையல் மெஷின்ல இருக்கு, தொட்டதும் பொலபொலன்னு உதிருது. ஐஸ் பெட்டியில மட்டும் மருந்துக்குக்கூட இல்ல."

"ரசீது இருக்கே சார்?"

"ரசீது இந்தப் பெட்டிக்குத்தான்னு என்ன நிச்சயம்? நம்பர் தகடு கருகிக் கிடக்கு. நல்லதை வித்துட்டு, செத்த பெட்டியக் கொண்டாந்து வச்சிருக்கா. அடிம்மா, மறுக்கப்பட்டதுன்னு."

அடித்தேன். அந்தத் தாளை மேனேஜர் அறைக்கு எடுத்துப்போக எழுந்தபோது, பூவம்மாவே வாசலில் வந்து நின்றாள். எனக்குத் தாளவில்லை. சார் முறைக்க முறைக்க, அவர் பத்து வருஷமாகக் கட்டிக்காத்த ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

"ஏன்க்கா, ஆயுத பூசைக்கு ஐஸ் பெட்டிக்குப் பொட்டு வைக்கலையா நீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எந்தப் பூசை? இந்த வருசம் நமக்கு ஏதும்மா பண்டிகை? ஆவணியிலதானே என் மவன் போனான். ஏழு வயசுல. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல அவனுக்கு."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அப்ப... தையல் மெஷின்ல இருக்கறது?"

"போன வருசத்துப் பொட்டுங்க. அவன்தான் எல்லாத்துக்கும் வச்சான்."

தொட்டதும் உதிர்ந்ததாக அவர் வாயாலேயே சொன்னார். ஒரு மாதச் சந்தனம் அப்படி உதிருமா? அவருக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். அந்தப் பொட்டைத் தொட்ட விரலைத் துடைப்பவர் போலக் கையை வேட்டியில் தட்டிக்கொண்டார்.

"வேற தாள் போடும்மா. முழுசாக் குடுக்கலாம்னு அடி."

பூவம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் உட்காரவே இல்லை.

"பொட்டு இல்லைன்னு நான் தள்ளின பழைய பைலையெல்லாம் எடு சந்திரா. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டுட்டு வரணும்."

எனக்கு அன்று அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. பைல்கள் இருந்தன. ஆனால் எதையெல்லாம் பொட்டுக்காகத் தள்ளினார் என்று கண்டுபிடிக்க, எதிலும் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்று, அதை மட்டும் எழுதவேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.