திரினிடாட் தலைவரின் கதை சொன்ன எங்கள் அப்பா

எங்கள் அப்பா அவர்கள் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். உறவினர்களும் தோட்டத்து மக்களும் படிக்கப்போவது, ஆறுதலாக எழுது என்று மகளாகிய என்னிடம் அண்ணன் சொல்லியிருக்கிறார். முடிந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன்.

அப்பா இந்தத் தீவின் மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அங்கேயே வளர்ந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, அம்மாவைக் கைப்பிடித்து, எங்கள் இருவரையும் பெற்றார். தோட்டத்தில் முதன்முதலாகத் தொழிலாளர் சங்கம் தொடங்கியவரும் அவர்தான். அதற்காகத் தோட்டத்தை நடத்திய துரை கொஞ்ச காலம் வேலை கொடுக்கவில்லை. அந்தப் பட்டினியிலும் வீட்டில் அப்பாவின் குரல் உயர்ந்ததில்லை. அன்று முதல் எல்லோருக்கும் அவர் "தலைவர்".

நாற்பத்தெட்டில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். அட்டனில் விசாரணை. கூடப் போன அண்ணன் சொல்லக் கேட்டது இது.

"இந்தியாவுக்குப் போனதுண்டா?" என்றார் அதிகாரி.

"போனேனுங்க. இந்த மூத்தவனுக்கு மொத முடி எறக்கணுமில்ல. எங்க கொலதெய்வம் திருச்சிப் பக்கம் இருக்குங்க."

"அப்ப உங்க ஊர் அதுதானே?"

"இல்லீங்கய்யா. அது சாமியோட ஊரு. என் ஊரு இதுதாங்க."

மனுவைத் தள்ளிவிட்டார்கள். நிரந்தரமாக இங்கே குடியிருக்கும் எண்ணம் இல்லாதவராம்.

"போகலைன்னு சொல்லியிருந்தா என்னங்க?" என்று அம்மா அழுதார்.

"சாமி காரியத்துல பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அப்பா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைக்கு மொட்டை போட்டதற்கு ஒரு குடும்பமே நாட்டை இழந்தது.

அறுபத்திரண்டில், மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் திரினிடாட் சுதந்திரம் பெற்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்தார். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் அந்த நாட்டுப் பிரஜைகள் என்று படித்ததும் அப்பாவுக்குப் புது உயிர் வந்தது. அந்த நாட்டைத் தோற்றுவித்த தலைவரைப் பற்றி யார் யாரிடமோ விசாரித்து, ஞாயிறு மாலைகளில், மற்ற நாட்களில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் சொல்லத் தொடங்கினார். வசதியில்லாத வீட்டில் பிறந்தது, படிப்பால் சீமைக்குப் போனது, திரும்பி வந்து ஊர் மைதானத்தில் நின்று ஜனங்களுக்கு அவர்கள் சரித்திரத்தையே பாடமாகச் சொன்னது, அடிமைகளின் பேரப்பிள்ளைகளையும் கூலிகளின் பேரப்பிள்ளைகளையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தியது என்று சொல்லிக்கொண்டே போவார்.

"தலைவரே, அந்த ஊருக்கு ரயில் அட்டன்ல ஏறணுமா, கொட்டகலையிலயா?" என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள்.

அப்பாவும் சிரிப்பார். "கரும்பு வெட்டுனவனுக்கு ஒரு நாடு கெடைச்சிருக்கு. கொழுந்து பறிச்சவனுக்குக் கெடைக்காதா?" என்பார். அங்கேயும் ஆயிரம் குறை இருந்திருக்கும். அப்பா அதைக் கேட்க விரும்பவில்லை.

அறுபத்து நான்கில் இந்தியப் பிரதமரும் இந்த நாட்டுப் பிரதமரும் டில்லியில் கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே. அந்த ஞாயிறு அப்பா பெரட்டுக் களத்துக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை.

"என்னப்பா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"நான் ஜனங்களுக்குப் பொய்யி சொல்லிட்டேம்மா" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. தோட்டத்து மருந்து கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். சளியால் இறந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கொட்டும் மழையில் குழி வெட்டி, பாடை தூக்கிய அண்ணன்மாருக்கும், தப்படித்தவர்களுக்கும், கேட்காமலே அரிசி மூட்டை அனுப்பிய சிங்களக் கடை முதலாளிக்கும், அம்மாவை இன்றுவரை தனியே விடாத லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் எந்த நாட்டுக்கு என்று தீர்க்க இனி எங்களையும் அதிகாரிகள் கூப்பிடுவார்கள். அம்மா ஒரு கரையிலும் அண்ணன் மறு கரையிலும் ஆகலாம். இங்கே தங்கப்போகிறவர்கள் யாராயிருந்தாலும், அப்பாவின் குழிமேட்டில் புல் மண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் இந்த நாட்டை விட்டு இனி யாராலும் அனுப்ப முடியாதவர் அவர் ஒருவர்தான்.